மூடி வைத்துவிட்டுப் போனவள்

எனக்கு அம்மை போட்டிருந்த வாரத்தில் என் தோழி இறந்துபோனாள். அது எனக்குத் தெரியாது. செட்டிகுளத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக் கிடந்தேன். ஒருநாள் மாலை அம்மா உள்ளே வந்து, "போனையே பாத்துகிட்டு இருந்தா கண்ணு கெட்டுடும். குடு இப்படி" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குச் சற்று முன்புதான் தோழிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். "மொகமெல்லாம் கொப்பளம்டி. என்னைப் பாத்தா நீயே ஓடிடுவ. என் பங்குக் கண்ணாடியையும் நீயே கழுவி வை." செய்திக்குக் கீழே ஒற்றை டிக் மட்டும் விழுந்திருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள், வீட்டுக்குப் போனதும் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அம்மா மோர்ச்சோறு பிசைந்து கொடுத்தார். தட்டு காலியாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அப்படி உட்காருகிறவர் இல்லை. வெங்காயம் அறுவடையாகி, அதைச் சேமித்து வைக்கப் பட்டறை போட்டுக்கொண்டிருந்த நேரம், களத்தில் தலைக்கு மேல் வேலை இருந்தது. நான் கை கழுவி வந்ததும், "ஒன்கூட ஆராய்ச்சி பண்ணுற அந்தப் புள்ள போயிடுச்சும்மா" என்றார்.

"எங்க?" என்று கேட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் அம்மைத் தழும்புகள் இன்னும் ஆறாமல் இருந்தன. அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்ததில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

அரியலூர் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வந்த டிப்பர் லாரி. ஸ்கூட்டர் பின்னால் போயிருக்கிறது, லாரி திடீரென்று நின்றிருக்கிறது. நான் எழுந்து நடமாடத் தொடங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது, கருமாதி உட்பட. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வெகுநாள் வரை அவள் எங்கோ ஊருக்குப் போயிருப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். நான் மேற்கே செட்டிகுளத்திலிருந்து வருவேன், அவள் கிழக்கே விக்கிரமங்கலத்துப் பக்கமிருந்து வருவாள். அவளுடைய தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். அப்பா அவள் சின்ன வயதாயிருக்கும்போதே இறந்துவிட்டார். அந்த வீட்டில் அவள் ஒரே பிள்ளை.

எங்கள் வேலை பிளாஸ்டிக்கில் சூரிய மின்கலம் செய்வது. கூரைகளில் மாட்டுகிறார்களே, அந்தக் கனத்த சிலிக்கான் பலகை அல்ல. பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் பாயாது, அதனால்தான் ஒயருக்கு மேல் உறையாகப் போடுகிறார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் பாலிமர்களும் இருக்கின்றன. அவற்றைத் திரவமாகக் கரைத்து, கண்ணாடி மேல் கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய படலமாகப் பூசலாம். அதன் மேல் வெயிலை உறிஞ்சும் இன்னொரு பாலிமர்ப் படலம், அதற்கும் மேலே அலுமினியம். இவ்வளவுதான் மின்கலம். வெயில் பட்டால் மேல் படலத்தில் மின்னூட்டம் பிறக்கும். அதை வழியிலேயே தொலைத்துவிடாமல் வாங்கி வெளியே கொண்டுவந்து சேர்ப்பது அடியில் இருக்கும் கடத்தும் படலத்தின் வேலை. அந்தப் படலத்தை எப்படி மேம்படுத்துவது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மேலே வரும் படலம் என்னுடையது.

அடிப்படலத்துக்கான திரவம் கருநீலமாக இருக்கும். அவள் அதைச் சொட்டு நீலம் என்பாள். அவளுடைய அம்மா ஊரில் கேட்பவர்களிடமெல்லாம், "எம்புள்ள கண்ணாடிக்கு நீலம் போடுது" என்று சொல்லி வைத்திருந்தார். நீலத்தோடு ஒரு துளி கரைப்பான் கலந்து, சதுரக் கண்ணாடித் துண்டில் விட்டு, சுழல்தட்டில் வைத்து வேகமாகச் சுற்றினால் திரவம் விளிம்புக்கு ஓடி ஒரே சீராகப் பரவும். பிறகு சூடான தட்டில் வைத்து உலர்த்த வேண்டும். அவளுக்கு இடதுகைப் பழக்கம். துளி விடும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாள். அந்த நேரத்தில் எது கேட்டாலும் தலை நிமிராமல், "ம்ம்" என்று மட்டும் பதில் வரும்.

நான் திரும்பிப் போன அன்று ஆய்வுக்கூடம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கூட்டித் துடைக்கும் அக்கா எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தார். அவளுடைய வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்கியது. அவள் இடுக்கியின் காலில் அடையாளத்துக்காகச் சுற்றியிருந்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது. ஈரம் புகாமல் பொருள்களை வைக்கும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அவள் பூசி முடித்த கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் பெயரின் முதல் எழுத்து கீறியிருந்தது.

"இது எங்கக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அந்தச் சூடு பண்ற தட்டு மேலதான். அந்தப் புள்ள விட்டுட்டுப் போனது. தூக்கிப் போட மனசு வரல. டப்பாவுல எடுத்து வச்சுட்டேன்" என்றார் அக்கா.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடித் துண்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு, "முடிச்சுடுங்கம்மா. பாதியில நிக்க வேணாம்" என்றார்.

அப்படித்தான் அவள் பாதி செய்த மின்கலங்களை நான் முடித்தேன். அவள் போட்ட நீலத்தின் மேல் என் படலத்தைப் பூசினேன். அலுமினியம் படிய வைத்தேன். செய்து முடிக்கும் வரை யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். அதைப் பார்க்கத்தான் தைரியமில்லை.

வெயிலுக்குப் பதிலாக நாங்கள் வைத்திருக்கும் விளக்கின் கீழ் வைத்து அளந்து பார்த்தபோது கணினித் திரையில் வந்த கோட்டை முதலில் நான் நம்பவில்லை. நாங்கள் இத்தனை வருடங்களாக முட்டி மோதியும் தொடாத உயரத்தில் அது நின்றது. அடுத்த துண்டும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "விளக்கச் சரிபாருங்க மொதல்ல" என்றார். சரிபார்த்தேன். விளக்கில் குறையில்லை. மறுநாளும் அதே கோடு வந்தது.

"இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க. திரும்ப வந்தாத்தான் இது கண்டுபிடிப்பு" என்றார் அவர்.

திரும்ப வரவில்லை. அவள் செய்முறை எனக்கு மனப்பாடம், இருவரும் சேர்ந்து வகுத்ததுதான். அதே திரவம், அதே கரைப்பான், அதே வேகம், அதே சூடு. வந்ததோ எங்கள் பழைய அளவுதான். சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். துளியைக் கூட்டினேன். புதிதாகத் திரவம் வரவழைத்தேன். மழைக்காலம் வந்து போனது, பனி வந்தது. அவளுடைய துண்டுகள் மட்டும் பெட்டிக்குள் உயர்ந்த அளவைக் காட்டிக்கொண்டு கிடந்தன, நான் செய்தவை பக்கத்தில் சப்பென்று கிடந்தன.

அந்த மாதங்களில் நான் சரியான மனநிலையில் இல்லை என்று இப்போது தெரிகிறது. சுழல்தட்டு ஓடி நிற்கும்போது கடைசியில் ஒரு சத்தம் வரும். தேய்ந்து தேய்ந்து அடங்கும் சத்தம். அது "ம்ம்" என்று முடிவதாகக் கேட்கத் தொடங்கியது. முதலில் தற்செயலாகத்தான். பிறகு அதைக் கேட்பதற்காகவே நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தேன். "இது சரியா வருமாடி?" என்பேன். தட்டு நிற்கும். "ம்ம்." இன்னொரு தடவை, "ஏன்டி இப்படிப் பண்ற?" என்றேன். அதற்கும் "ம்ம்"தான்.

அவளுடைய கைப்பேசி எண்ணை நான் அழிக்கவில்லை. ஒருநாள் பார்த்தபோது அவள் படம் இருந்த வட்டத்தில் மீசை வைத்த ஒருவர் டிராக்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் வீட்டுக்குள் யாரோ அந்நியர் குடியேறிவிட்டது போல இருந்தது.

பிறகு அவளுடைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்து பார்த்தேன். சிவப்பு நூல் சுற்றிய இடுக்கியை எடுத்தேன். அதுவும் போதாமல், இடது கையால் துளி விடப் பழகினேன். மருந்துக்கடையில் விற்கும் சிரிஞ்சில் வெறும் தண்ணீரை நிரப்பி வீட்டிலும் பழகினேன். கைநடுக்கத்தில் துளி ஓரத்தில் போய் விழும். ஒருநாள் மூச்சை நிறுத்திக்கொண்டு இடது கையால் நீலத்தை விட்டுக்கொண்டிருந்தபோது பேராசிரியர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

"வலது கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டார். மறுநாள், "கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த விடுப்பில்தான் அவளுடைய முதல் வருட நினைவு நாள் வந்தது. அவளுடைய அம்மா போன் செய்து, "நீ அன்னிக்குத்தான் வர முடியல. இன்னிக்காச்சும் வா பாப்பா" என்று கூப்பிட்டார். பெரம்பலூர் வந்து, அங்கிருந்து அரியலூர் பஸ் பிடித்தேன். அந்தச் சாலையில் வேனிற்காலத்தில் கருவேல மரங்கள் பச்சையாக இருக்காது, தூசி படிந்து வெளுத்து நிற்கும். முன்னால் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எந்த இடம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் வழி முழுவதும் அந்த இடமாகவே இருந்தது.

அவள் வீட்டில் படையல் தொடங்கியிருந்தது. இலையில் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, முறுக்கு, பாட்டிலோடு ஒரு குளிர்பானம். சுவரில் இருந்த படம் கல்லூரி அடையாள அட்டைக்காக எடுத்ததைப் பெரிதாக்கியது. அந்தப் படம் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்று சிரிப்புக் காட்டினேன், அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த இறுக்கத்தோடே படத்தில் இருந்தாள்.

அவளுடைய அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்:

"பள்ளிக்கூடத்துல பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்துட்டு அப்பத்தான் உக்காந்தேன். போன் அடிச்சுச்சு. 'அம்மா, கரண்ட் போயிடுச்சும்மா, ட்ரான்ஸ்பார்மரு வெடிச்சுடுச்சாம். இன்னிக்கி செஞ்சது அம்புட்டும் பாழ். தூசி வுழாம மூடி வச்சுட்டு கெளம்பிட்டேன். வெளிச்சத்தோட வூட்டுக்கு வந்துடுறேன்'னுச்சு. 'மெதுவா வா'ன்னேன். 'சரிம்மா'ன்னுச்சு. அவ்ளோதான் பாப்பா. தெனமும் சாயங்காலம் காலேஜ் பஸ்ஸு பின்னாலயே ஸ்கூட்டர ஓட்டிகிட்டு வரும். பஸ்ஸு பெரிய வண்டி, அதுக்கு மறைவா இருக்கும். அன்னிக்கின்னு அந்தப் பாழாப்போன கரண்டு போயி, தனியா கெளம்பி வந்துச்சு."

நானும் அழுதேன். அதற்குள் உறவுக்காரர் ஒருவர் வந்தார். அவரிடமும் அம்மா அதையே சொன்னார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தது முதல் "சரிம்மா" வரை ஒரு சொல் கூட மாறவில்லை. ஒரு வருடமாக வருகிறவர் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் கொண்டுவந்தபோது, அவளிடமும் தொடங்கினார். அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.

மூடி வச்சுட்டு.

நாங்கள் சூடான தட்டில் இருக்கும் படலத்தை மூடுவதே இல்லை. திறந்து வைத்தால்தான் ஈரமும் கரைப்பானும் ஆவியாகி ஓடும். மூடக்கூடாது என்பது முதல் நாளே படித்த பாடம். மின்சாரம் நின்று, தட்டு ஆறத் தொடங்கியபின் எப்படியும் பாழ்தானே என்று தூசிக்காக எதையோ போட்டு மூடிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

"அம்மா, மூடி வச்சுட்டேன்னா சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கதைக்கு நடுவில் இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது.

"ஆமா பாப்பா. எதை மூடுச்சோ என்னமோ. ஏன், ஏதும் தப்பா?"

"இல்லம்மா. தப்பில்ல."

சாப்பிட உட்கார்ந்தேன். படையல் வீட்டில், அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தட்டு ஆற எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், மூடிக்குள் எவ்வளவு ஆவி தங்கியிருக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், அது நிற்கவில்லை.

விடுப்பு முடியும் வரை காத்திருக்காமல் மறுநாளே கல்லூரிக்குப் போனேன். கூட்டித் துடைக்கும் அக்காவைத்தான் முதலில் தேடினேன்.

"அக்கா, போன வருஷம் அவ விட்டுட்டுப் போன கண்ணாடி மேல ஏதாச்சும் மூடி இருந்துச்சா?"

"இருந்துச்சே. அந்த வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவுத்து வச்சிருந்துச்சு. கழுவி அலமாரியில வச்சேனே. ஏன், காணலியா?"

கிண்ணம் அலமாரியில்தான் இருந்தது, மற்ற கிண்ணங்களோடு ஒன்றாக.

அன்று காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். வலது கையால்தான். நீலத்தைப் பூசி, சூடான தட்டில் வைத்து, பாதி நேரம் ஆனதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தட்டின் குமிழைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு குமிழைத் திருப்புவதற்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். இதே இடத்தில் மின்சாரம் நின்ற அந்த மத்தியானத்தை நான் என் கையால் மறுபடி வரவழைக்கிறேன் என்றுதான் எனக்குப் பட்டது. இங்கே மின்சாரம் நின்றால் அங்கே அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வாள். கிண்ணத்தைக் கவிழ்த்தால் வாசலுக்குப் போவாள். குமிழைத் திருப்பினேன். கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தேன். உட்புறம் மெல்ல ஆவி படிந்து மங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, அது தெளியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாள்களில் மின்கலங்கள் முடிந்தன. அளந்தபோது கோடு ஏறியது. அவளுடைய கோட்டுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதன் மேலேயே போய் உட்கார்ந்தது. கரைப்பானின் ஆவி ஓடிப்போகாமல் மூடிக்குள்ளேயே தங்கி, சூடு மெல்ல மெல்ல இறங்கியதில், பாலிமர்ச் சங்கிலிகள் சிக்கல் நீங்கி ஒழுங்காகப் படிந்திருக்கின்றன. அதனால் மின்னோட்டத்துக்கு வழி எளிதாகியிருக்கிறது. பிறகு செய்த சோதனைகள் எல்லாம் அதைத்தான் காட்டின.

நான் மகிழ்ச்சியடையவில்லை என்று சொன்னால் பொய். எழுந்து நின்று வாய்விட்டுக் கத்தினேன். அடுத்த அறையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து நின்றபோதுதான், இதைச் சொல்லிக் குதிக்க வேண்டியவள் இல்லை என்று உறைத்தது. சுழல்தட்டைப் பார்த்தேன். அது ஓடவில்லை, சத்தமும் இல்லை.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது பேராசிரியர் சொன்னார், "கரண்ட் போச்சுன்னு எழுத முடியாதும்மா."

"வெப்பம் நிறுத்தப்பட்டதுன்னு எழுதலாம் சார்."

"எழுதுங்க. மொதல் பேரு அந்தப் பொண்ணோடது."

"நானே கேக்கணும்னு இருந்தேன் சார்."

'வெப்பம் நிறுத்தப்பட்டு, படலம் மூடிய நிலையில் ஆறவிடப்பட்டது' என்று ஒரே வரி. யார் நிறுத்தினார்கள், யார் மூடினார்கள் என்பது அப்படிப்பட்ட வாக்கியத்தில் வராது. கட்டுரை வெளிவந்தபோது அவள் பெயருக்கு மேல் ஒரு சின்னக் குறியும், பக்கத்தின் அடியில் அதற்கான விளக்கமும் இருந்தன. அந்த விளக்கத்தில் காலமானார் என்ற பொருள்படும் ஒரே ஒரு சொல்.

செய்தியைச் சொன்னதும் அவளுடைய அம்மா, "அது வேலை பாத்த எடத்தை நான் பாத்ததே இல்லியே. வரலாமா?" என்று கேட்டார். வந்தார். கஞ்சி போட்ட புடவை கட்டி, தனியாகவே பஸ் மாறி வந்திருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். எல்லாவற்றையும் காட்டினேன். அவள் உட்கார்ந்த இடத்தைக் காட்டியபோது நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார், உட்காரவில்லை. நீலத் திரவத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். "இதுதானா?" என்று புட்டியைக் கையில் வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

பிறகு கேட்டார். "எல்லாரும் செய்யறதுதானே இது. எம்புள்ள செஞ்சது மட்டும் எப்புடி நல்லா வந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வது என்று முந்தின நாளெல்லாம் யோசித்திருந்தேன். ஒரு வருடமாக அவர் சபித்துக்கொண்டிருந்தது அந்த மின்தடையைத்தான். அவள் கெட்டிக்காரி, அதனால் வந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் எதிரே நின்று கேட்கும்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"அன்னிக்கு கரண்ட் போச்சுல்லம்மா. தட்டு மெல்ல ஆறுச்சு. அவ வேற மூடி வச்சுட்டுப் போயிட்டா. அதனாலதாம்மா நல்லா வந்துச்சு."

அவர் புட்டியைக் கீழே வைத்தார். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அதுக்குத் தெரியுமா?" என்றார்.

"என்னதும்மா?"

"நல்லா வந்துருக்குன்னு."

"தெரியாதும்மா. நான் அப்பறமாத்தான் அளந்தேன்."

"அம்புட்டும் பாழுன்னுதான எங்கிட்ட சொல்லுச்சு." மறுபடி சொன்னார். "பாழாப் போச்சுன்னு நெனச்சுகிட்டே வண்டியில வந்துருக்கு."

நான் இதை யோசித்திருக்கவில்லை. மின்தடையைப் பற்றி யோசித்தேன், மூடியைப் பற்றி யோசித்தேன், லாரியைப் பற்றிக்கூட யோசித்தேன். அவள் என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்பது என் மனதில் வரவே இல்லை. புட்டியை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன்.

அவர் கிளம்பும் முன் அவருக்காகச் செய்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய கடைசித் துண்டுகளில் சிலவற்றைக் காற்றுப் புகாமல் பசை போட்டு மூடி, ஒன்றோடொன்று இணைத்து, எண்களில் மணி காட்டும் ஒரு சின்ன மேசைக் கடிகாரத்தின் பேட்டரி இடத்தில் ஒயரால் மாட்டியிருந்தேன். பேராசிரியரைக் கேட்டுத்தான். அளந்து அளந்து ஓய்ந்த துண்டுகள்தான் அவை, ஆனாலும் உயிர் இருந்தது. வெளியே வெயிலுக்குக் கூட்டிப்போய் அவர் கையில் வைத்தேன். இருண்டிருந்த கட்டத்தில் எண்கள் எழுந்தன. பன்னிரண்டு மணி என்று காட்டி, நடுவில் இரண்டு புள்ளிகள் துடித்தன.

"இது அது செஞ்சதா?"

"ஆமாம்மா. அவளும் நானும்."

அவர் நன்றாகப் பார்க்கக் குனிந்தார். அவர் தலை நிழல் விழுந்ததும் எண்கள் மறைந்தன. பதறி நிமிர்ந்தார். வெயில் பட்டதும் மறுபடி பன்னிரண்டிலிருந்து தொடங்கியது.

"மணி தப்பாக் காட்டுதே பாப்பா."

"நெழல் விழுந்தா நின்னுடும்மா. வெயில் வந்தா மொதல்லேருந்து ஆரம்பிக்கும். பேட்டரி இல்லல்ல."

"இருக்கட்டும்" என்றார். "மணியா பாக்கப்போறேன்." கைக்குட்டையில் சுற்றிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட மின்கலங்கள் நெடுநாள் உழைக்காது, காற்றும் ஈரமும் எப்படியாவது உள்ளே போய்விடும் என்பதையும் சொன்னேன். தலையாட்டினார். கேட்டதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் இப்போது அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆராய்ச்சியும் தொடர்கிறது. ஒவ்வொரு தடவையும் நான்தான் மின்சாரத்தை நிறுத்தி, நான்தான் கிண்ணத்தைக் கவிழ்க்கிறேன். தானாக நின்றுபோகும் தட்டு இப்போது விற்கிறார்கள், வாங்கலாம் என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் வாங்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்ததும் நான் அந்த அறையில் இருப்பதில்லை. வராந்தாவுக்கு வந்து, வண்டிகள் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினால் அந்த வண்டி வாசலைத் தாண்டி மறையும் வரை மனம் படபடக்கும். அந்தப் படபடப்பு போவதாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, அது நின்னு போச்சு."

"மழைக்கு வெயில் இல்லாம இருக்கும்மா."

"இல்ல. நேத்து நல்லா வெயில் அடிச்சுச்சு. மூணு நாளாவே மங்கலாத்தான் இருந்துச்சு. நேத்து சுத்தமா வரல."

ஈரம் உள்ளே போயிருக்கும் என்று சொன்னேன். நான் புதிதாகச் செய்தது ஒன்று இருக்கிறது, அதை மாட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா. அது எம்புள்ள செஞ்சது இல்லல்ல."

"இல்லம்மா."

மழை அங்கே ஏதோ தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"மழை வுட்டு நல்ல வெயில் வந்தா திரும்ப ஓடுமா?"

"ஓடாதும்மா."

"சரி" என்றார். "இருந்தாலும் மத்தியானத்துல எடுத்து வெளிய வைக்கிறேன்."

"வைங்கம்மா" என்றேன்.